சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் இருக்கிறது, கிளிக் இல்லை: டாக்குமெண்டேஷனை எங்கிருந்து திருத்துவது?

கேள்வி:
வணக்கம். சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கும் சிறிய பைத்தான் லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். திறமூலம்தான். டாக்குமெண்டேஷன் ஸ்பிங்ஸ் என்ற டாக்குமெண்டேஷன் கருவியில் எழுதியது. தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பார்த்தால் 'இன்புட் ஆப்ஷன்ஸ்' பக்கம் தேடலில் நிறையத் தெரிகிறது (இம்ப்ரெஷன்), ஆனால் உள்ளே வருபவர்கள் குறைவு. தேடலில் முன்னால் நிற்பதும் பெரும்பாலும் பழைய பதிப்பு 1-இன் பக்கங்கள். இப்போது ஓடுவது 3. இன்னொரு சந்தேகம்: தேடல் சொற்களின் கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தம் வரவில்லை. ஏன்?

பதில் 1:
கூட்டல் இடிப்பது இயல்புதான். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி கூகுள் பட்டியலில் காட்டாது. அட்டவணையும் 1000 வரிசையோடு நின்றுவிடும்.

தேடல் முடிவுகளில் தளம் முழுவதற்குமான சராசரி இடத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டிவிட்டு, தேடல் சொற்களை இம்ப்ரெஷன் வரிசையில் பாருங்கள். என்ன வருகிறது?

கேட்டவர்:
பார்த்தேன். 'சார்மேப் கோடெக் கான்ட் டீகோட் பைட்' என்று பிழைச்செய்தியை அப்படியே ஒட்டித் தேடியிருக்கிறார்கள். பக்கத்தில் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பற்றி ஒரு பத்தி இருக்கிறது, இந்த வரி இல்லை.

பதில் 1:
அங்கேதான் ஆட்கள் தவிக்கிறார்கள். விண்டோஸில் என்கோடிங் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், பைத்தான் 3.14 வரை கணினியின் லோக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) என்கோடிங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். யுடிஎஃப்-8 கோப்பு அதில் மாட்டிக்கொள்கிறது. இதற்கென்றே தனிப் பக்கம் எழுதுங்கள். தலைப்பில் பிழைச்செய்தி, முதல் பத்தியிலேயே என்கோடிங்கைச் சேர்த்த நிரல் வரி, காரணம் அதற்குக் கீழே. பதற்றத்தில் வருபவருக்கு முதலில் வேண்டியது தீர்வு. முடிந்தால் லைப்ரரியே அந்தப் பிழையைப் பிடித்து, என்ன செய்யவேண்டும் என்று சொல்லட்டும். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பதில் 2:
பழைய பதிப்பு விஷயத்துக்கு: ஸ்பிங்ஸின் கான்ஃப் கோப்பில் எச்டிஎம்எல் பேஸ்யூஆர்எல் என்ற அமைப்பு உண்டு. அதில் நிலையான பதிப்பின் முகவரியைக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கேனானிக்கல் இணைப்பு (எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) சேரும். பழைய பதிப்புகளின் கிளைகளிலும் இதைப் போட்டு மறுபடி பில்ட் செய்யவேண்டும், இல்லையென்றால் பயனில்லை. பதிப்பு 3-இல் பெயர் மாறிய பக்கங்களுக்கு ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாக அனுப்புவது) வையுங்கள். தயவுசெய்து ரோபாட்ஸ் கோப்பில் (தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் கோப்பு) பழைய பதிப்பைத் தடுக்காதீர்கள். தடுத்தால் கூகுளால் அந்தக் கேனானிக்கலையே படிக்க முடியாது.

கேட்டவர்:
தடுக்கலாம் என்றுதான் இருந்தேன், நல்லவேளை கேட்டேன். கேனானிக்கல் போட்டால் கூகுள் கட்டாயம் கேட்குமா?

பதில் 2:
கட்டாயமில்லை, அதை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். சர்ச் கன்சோலின் யூஆர்எல் சோதனையில் பழைய பக்கத்தைக் கொடுத்தால் கூகுள் எதைத் தேர்ந்தது என்று காட்டும். சில வாரம் பொறுங்கள். அப்புறம் பழைய 28 நாளையும் புதிய 28 நாளையும் ஒப்பிட்டு, அந்தப் பிழைச்செய்திக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.