மறுமொழி: ப்ரீ-அப்ரண்டிஸ்ஷிப் = முன்பழகுநர் பயிற்சி?

அன்பர்களுக்கு வணக்கம்.

ப்ரீ-அப்ரண்டிஸ்ஷிப், அதாவது ஒரு தொழிலில் பழகுநராக (அப்ரண்டிஸாக) சேர்வதற்கு முன் தரும் ஆயத்தப் பயிற்சி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தச்சுப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. உள்ளே இழைப்புளி, உளி, மூலைமட்டம், ரசமட்டம் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. அட்டையில் போடத்தான் சொல் இல்லை.

> அப்ரண்டிஸ் பழகுநர் என்றால் ப்ரீ-அப்ரண்டிஸ் முன்பழகுநர். இதில் என்ன சிக்கல்?

சிக்கல் அந்த 'முன்'னில்தான் ஐயா. முன்பணம் என்பது முன்கூட்டியே கொடுக்கும் பணம். பணத்துக்கு முன்னால் வருகிற வேறு ஏதோ ஒன்று இல்லை. முன்பதிவும் பதிவுதான். இலங்கையில் வழங்கும் முன்பள்ளியும் ஒரு பள்ளிதான். பெயருக்கு முன்னால் 'முன்' சேர்த்தால் அந்தப் பொருளே சற்று முந்தி வந்துவிடுகிறது. ப்ரீ-அப்ரண்டிஸில் உள்ள ஆங்கில முன்னொட்டு அப்படி இல்லை, 'இது வருவதற்கு முந்தைய நிலை' என்கிறது. அதனால் முன்பழகுநர் என்றதும் 'முன்பு பழகுநராக இருந்தவர்' என்றே காதில் விழுகிறது. இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இருவருமே "பயிற்சி முடித்தவரா?" என்று கேட்டார்கள்.

இது வெறும் இலக்கணக் கவலை இல்லை. தொழிற்பழகுநர் என்ற சொல் தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் நிலைத்துவிட்டது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு ஒப்பந்தம் உண்டு, பயிற்சிக் காலம் உண்டு, உதவித்தொகை உண்டு. நாம் பேசும் பிள்ளைக்கு இதெல்லாம் இன்னும் கிடையாது. அவன், அல்லது அவள், பள்ளி மாணவர். இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க வந்திருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். அட்டையில் 'பழகுநர்' என்று பார்க்கும் பெற்றோர், பிள்ளையை வேலையில் சேர்த்துவிட்டார்களோ என்று பதறக்கூடாது.

> 'அடிப்படைத் தச்சுப் பயிற்சி' போதாதா?

போதாது. பொழுதுபோக்குக்காகக் கற்பவருக்கும் அதே பெயர்தானே.

> 'தொழில் ஆயத்தப் பயிற்சி' என்று சொன்னால்?

இது நல்ல சொல். ஜெர்மனியில் இப்படிப் பள்ளியோடு ஒட்டி நடக்கும் ஓராண்டுப் படிப்பைத் 'தொழில் ஆயத்த ஆண்டு' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். ஆனால் நேர்காணலுக்குத் தயார்செய்வதும், விண்ணப்பம் எழுதச் சொல்லித்தருவதும்கூட இதற்குள் அடங்கிவிடும். மரத்தூள் வாசனை இதில் வரவில்லை.

சரி, பட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல் வாரம் ஒரு மாணவி ரம்பம் பிடிக்கிறாள். கோடு சரியாகத்தான் போட்டிருக்கிறாள். முதல் தள்ளிலேயே முழு பலத்தையும் கொடுக்கிறாள். பல் துள்ளிக் கோட்டை விட்டு ஓடுகிறது. பயிற்றுநர் அவள் ஆள்காட்டி விரலைப் பிடியின் பக்கவாட்டில் நீட்டிவைக்கச் சொல்கிறார். ரம்பத்தை அழுத்தாமல் இரண்டு மூன்று முறை தன் பக்கம் இழுத்து ஒரு சின்னப் பள்ளம் விழச் செய்கிறார். அப்புறம்தான் நீளமான தள்ளு. ரம்பப் பல் ஒன்றரை மில்லிமீட்டர் போல மரத்தைத் தூளாக்கிவிடும் என்பதால், கோட்டின் மேலேயே அறுக்காமல் வேண்டாத பக்கமாக ஒட்டி அறுக்கச் சொல்கிறார். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் அடுத்த துண்டும் கோணலாகத்தான் வருகிறது. பயிற்றுநர் கோபப்படவில்லை. "கை பழகட்டும்" என்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம் என்பது என் முன்மொழிவு. பயிற்சிக்குக் *கைபழகு பயிற்சி*, அதில் சேரும் மாணவருக்குக் *கைபழகுநர்*. கைபழகுநர் பிறகு தொழிற்பழகுநர் ஆகிறார், ஒருநாள் கைதேர்ந்த தச்சர் ஆகிறார். முதலில் கை பழகும், பிறகு தொழில் பழகும். இந்த வரிசையே எது முந்தியது என்று காட்டிவிடுவதால் 'முன்' தேவைப்படவில்லை.

கருத்துச் சொல்லுங்கள்.

---

வணக்கம். சொல் அழகாக இருக்கிறது, இரண்டு ஐயங்கள் மட்டும். கைப்பழக்கம் என்று ஒற்று மிகும்போது கைபழகுநருக்கு ஏன் மிகவில்லை? அடுத்து, இந்தப் பயிற்சியில் அளவுக் கணக்கு, வரைபடம் படித்தல், பாதுகாப்பு எல்லாம் உண்டே. அவை தலைக்கான வேலை. 'கை' என்று சுருக்கினால், படிப்பு வராதவர்களுக்கான வகுப்பு என்று பள்ளிகள் ஒதுக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

---

நன்றி அம்மா. ஒற்றைப் பற்றி: கைப்பழக்கத்தில் கை, பழக்கத்துக்கு அடை. இங்கே கைதான் எழுவாய், கை பழகுகிறது. கைதேர்ந்த, கைகண்ட என்று இயல்பாக வருகிறதே, அதைப் போலத்தான்.

இரண்டாவது ஐயம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தக் கணக்கை அவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று பாருங்கள். தரையில் ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறிக்கிறார்கள். இரு புள்ளிகளுக்கும் இடையே நாடா பிடித்தால் சரியாக 5 அடி வரவேண்டும். வந்தால் மூலை செங்கோணம். வராவிட்டால் குறியைச் சற்று நகர்த்தி மறுபடி பிடிக்கிறார்கள். கரும்பலகையில் மனப்பாடம் செய்த தேற்றம் அங்கே கைக்கு வருகிறது. பாதுகாப்பும் அப்படித்தான்: உளியின் வெட்டுவாய்க்கு எதிரில் இடது கையை வைக்காமல் இருப்பது, விதி தெரிந்தவுடன் வந்துவிடுவதில்லை. கையைத் தலைக்குக் கீழே வைக்கும் எண்ணத்துக்கு இடம்கொடுத்து நம் சொல்லை நாமே மாற்றவேண்டாம் என்பது என் கருத்து.

ஆனாலும் பள்ளிகளுக்கு விளங்கவேண்டும் என்பது நியாயம். அட்டையில் இப்படிப் போடுகிறேன்:

தச்சுக் கைபழகு பயிற்சி
(தொழிற்பழகுநராகச் சேர விரும்பும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு)

குழாய்வேலை, மின்கம்பி வேலை, வெல்டிங் பக்கம் இருக்கும் அன்பர்கள் தங்கள் தொழில் பெயரோடு சேர்த்து இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். எங்கேயாவது இடறினால், அச்சுக்குப் போகும் முன்பே திருத்திவிடலாம்.