பட்டிக்காரரிடம் முதலில் மாட்டைப் பற்றிக் கேளுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்:

என் மனைவியின் பெரியப்பா மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டியில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர். பெரும்போகம் தொடங்கியதும் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்குச் சாய்த்துச் செல்வது அவருடைய தகப்பன் காலத்து வழக்கம். 2022 டிசம்பர்க் கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தபோது அவரும் மாடுகளை இழந்தார். அதிலிருந்து மீள்வதற்குள், மேய்ச்சல்தரையில் வெளியார் பயிர்ச்செய்கையில் இறங்கியதால் 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் வீதியோரப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவரும் அங்கே போய் இருந்தார்.

கண் சிகிச்சைக்காகக் கொழும்பு வந்து எங்கள் தொடர்மாடி வீட்டில் தங்கியபோதுதான் அவர் மனச்சோர்வில் இருப்பது எங்களுக்குப் புரிந்தது. பால் கறக்கும் நேரத்துக்கு எழுந்து, செய்வதற்கு வேலை எதுவுமின்றி, விடியும்வரை பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். உடம்புக்கு என்ன என்று யார் கேட்டாலும் “ஒண்டுமில்ல மருமகன், வயசு போயிற்று” என்பதே பதில். ஒருநாள் மாலை, குளிரில் செத்தவை எந்தெந்த மாடுகள் என்று கேட்டேன். மயிலை, சுட்டி, முதல் கன்று ஈனவிருந்த நாகு என்று ஒவ்வொன்றையும், அதன் தாய் எது, எந்தக் காதில் வெட்டு என்பது வரை சொல்லிக்கொண்டே போனவர், கடைசியில் “மாடில்லாத பட்டிக்குக் காவல் எதுக்கு மருமகன்?” என்றார்.

அந்தச் சொல்லை நான் கடந்துபோகவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா மாமா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடும் என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது ஊட்டுவதில்லை, உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு வாசலைத் திறக்கிறது. அவர் கோபப்படவில்லை, ஆமென்று தலையை மட்டும் அசைத்தார். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்றதும், “என்னை அங்கொடைக்கு அனுப்பப் போறீங்களா?” என்று பதறினார். அந்த நிறுவனம் இருக்கும் ஊரின் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கும் நம்முடைய பேச்சுவழக்கு எத்தனை பேரை வைத்தியரிடம் போகவிடாமல் தடுத்திருக்கும் என்று அப்போது தோன்றியது. ஒலிபெருக்கியில் போட்டு இருவருமாகப் பேசினோம். இப்போது அவர் மட்டக்களப்பில் மனநலக் கிளினிக்குக்குப் போய் வருகிறார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் இடையில் நிறுத்தவில்லை. மேய்ச்சல்தரைப் பிரச்சினையை எந்த மாத்திரையும் தீர்க்காது என்பதையும் அவரே சொல்கிறார், அது சரிதான்.

தெஹிவளையிலிருந்து ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர்:

மேலே எழுதியவர் சொல்வதை நான் வன்னியில் பலமுறை கண்டிருக்கிறேன். மனச்சோர்வு பட்டிக்காரரின் முகத்தில் தெரிவதற்கு முன்பே பட்டியில் தெரிந்துவிடும். வழக்கமாகச் சுத்தமாக இருக்கும் பட்டியில் சாணம் அள்ளப்படாமல் கிடக்கும், கொம்படியில் புண் புழுவைத்திருக்கும், நல்ல கறவையை அரைவிலைக்கு விற்றிருப்பார், பால் சேகரிப்பவர் வந்து நின்றாலும் கேன் வராது. மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோய் 2020இல் வடக்கில் பரவத் தொடங்கியபோது, கன்றின் உடல் முழுவதும் கட்டிகளைப் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம் மருந்து கேட்கவேயில்லை. “இனி என்னத்துக்கு ஐயா” என்றார். நோயைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கலக்கியது. அவருடைய மனைவியோடு தனியாகப் பேசியபோதுதான், அவர் பெயரில் கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன் இருப்பது தெரிந்தது.

கால்நடை வைத்தியர் மனநல ஆலோசகர் ஆகிவிட முடியாது, ஆகவும் கூடாது. ஆனால் பண்ணையாளரின் வீட்டுக்குள் அழைக்கப்படாமலே நுழையக்கூடிய ஒரே உத்தியோகத்தர் பெரும்பாலும் அவர்தான் என்பதால், அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது என்பதையாவது அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முடிந்தால் அந்த நாளில் தானே வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும்.

பொரளையிலிருந்து உளநலத் தொலைபேசிச் சேவைத் தொண்டர்:

ஒரு விடயத்தைச் சேர்க்கிறேன். தற்கொலை முயற்சி 1998 வரை இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சட்டம் மாறிவிட்டபோதிலும், வாய் திறந்தால் பொலிஸ் வரும் என்ற பயம் ஊர்ப்புறத்து முதியவர்களிடம் இன்னமும் இருக்கிறது. எனவே அழைப்பின் தொடக்கத்திலேயே அதைத் தெளிவுபடுத்திவிடுவேன். 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்றிருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே தோட்டத்து மருந்துகளைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவைக்கும்படி குடும்பத்தாரிடம் கேட்பதை யாரும் அவமதிப்பாக எண்ண வேண்டாம். தற்கொலைத் தடுப்புக்காக 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பின் ஓர்ட்டன் பிளேஸ் நிலையத்துக்கு, கொழும்பு வரும் உறவினர்கள் நேரில் போகலாம். மேய்ச்சல்தரையில் சிக்னல் கிடைப்பது அரிது. பட்டிக்காரர்களைப் பால் கொடுக்க வீதிக்கு வரும் நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள்.