பின்வளவு டெக்கில் இருந்து பழைய பெயின்டை உரித்த அனுபவம்

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இந்த வீட்டுக்கு வரும்போது பின்வளவு டெக் (வீட்டோடு சேர்ந்த மரப்பலகைத் தளம்) முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ட். வீட்டை விற்பதற்குச் சற்று முன்தான் அடித்திருக்கிறார்கள். முதல் பனிக்காலம் முடிந்து ஏப்ரலில் பார்த்தால் படிகளிலும் கதவுக்கு முன்னாலும் செதில் செதிலாகக் கிளம்பி நிற்கிறது. சுவர்ப் பக்கத்தில் மட்டும் உடும்புப் பிடி.

பெயின்ட் பலகைக்கு மேல் தோல் போலத்தான் படியும். தண்ணீர் இடுக்குகளாலும் அடிப்பக்கத்தாலும் பலகைக்குள் இறங்கும். குளிரில் அது உறைந்து விரிய, தோல் கழன்றுவிடும். அதனால் உரிந்த இடத்தில் மட்டும் திரும்ப அடிப்பதில் பலன் இல்லை. முழுவதையும் எடுக்க முடிவு செய்தேன்.

நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கடும் அழுத்தத்தில் பீய்ச்சும் 3000 பிஎஸ்ஐ பிரஷர் வாஷர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒடுங்கிய முனையைப் போட்டு அடித்தேன். பெயின்ட் பறந்தது, பெரிய சந்தோசம். அடுத்த நாள் காய்ந்தபின் முழந்தாளில் இருந்து தடவிப் பார்த்தேன். பலகை தேங்காய்ப் பொச்சு மாதிரி நார் நாராக எழும்பியிருந்தது. மரத்தின் மென்மையான பகுதியைத் தண்ணீர் தோண்டிவிட்டது, வைரமான கோடுகள் மட்டும் வரம்பு போல மேலே நின்றன. மகள் வெறுங்காலோடு ஓடி வந்து சிராய் ஏற்றிக்கொண்டாள். அன்றோடு வாஷரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு பலகை பாழ்.

அப்புறம்தான் ஸ்ட்ரிப்பருக்கு, அதாவது பெயின்டை இளக்கி எடுக்கும் மருந்துக்குப் போனேன். நான் வாங்கியது கோஸ்டிக் சோடா என்ற கடும் காரம் கலந்தது. கையுறை, கண்ணாடி இல்லாமல் அதன் கிட்டவே போகாதீர்கள். ஓரத்துச் செடிகளையும் புல்லையும் நன்றாக நனைத்துவிட்டு பிளாஸ்டிக் விரிப்பால் மூடினேன். மந்தாரமான காலைதான் நல்லது. வெயில் பட்டால் மருந்து காய்ந்து வேலை செய்யாது. தடிப்பாகப் பூசி, காயக் காயத் தண்ணீர் தெளித்து, இருபது நிமிடம் விட்டேன். பெயின்ட் கூழாக இளகியது. நைலோன் தூரிகையால் நார் போகும் திசையிலேயே தேய்த்து, தோட்டக் குழாயால் கழுவினேன். இரும்புத் தூரிகை வேண்டாம். அதன் துகள் பலகையில் தங்கித் துருப்பிடிக்கும். சுவர்ப் பக்கத்துக்கு இரண்டாம் தடவையும் பூச வேண்டி வந்தது.

கழுவி முடிய, பலகை சாயத் தேத்தண்ணி நிறத்துக்குக் கறுத்துவிட்டது. மரத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் காரம் பட்ட மரம் அப்படித்தான் கறுக்குமாம். ஒக்சாலிக் அமிலம் சேர்ந்த பிரைட்னரை (மரத்தை வெளுக்கும் மருந்தை) தெளித்தேன். பதினைந்து நிமிடத்துக்குள் கண்முன்னே நிறம் வெளுத்து, தேன் நிறத்தில் மரம் வெளியே வந்தது. இந்தப் படியைத் தயவுசெய்து விடாதீர்கள். காரம் பலகையில் மிஞ்சினால் அடுத்த பூச்சும் நிற்காது.

நான்கு நாள் காயவிட்டேன். ஸ்க்ரூத் தலைகளைப் பலகைக்குள் இறக்கிவிட்டு 60 நம்பர் மணல்தாளால் தேய்த்து (சான்ட் பண்ணி), பிறகு 80. அதற்கு மேல் நைசாக்கினால் மரம் ஸ்டெயினை (மரத்துக்குள் ஊறும் சாயப் பூச்சை) குடிக்காது. ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே உறிஞ்சினால் மரம் தயார். இந்த முறை பெயின்ட் அடிக்கவில்லை. மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் ஸ்டெயின்தான் போட்டேன். அது மங்கினால் கழுவிவிட்டு மேலே பூசலாம், உரிக்கிற வேலை வராது.

* * *

அண்ணை, நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஒரு விசயத்தை மட்டும் சேர்க்கிறன், எல்லாரும் கவனியுங்கோ. மருந்தோ சான்டரோ எடுக்க முதல், டெக் எந்த ஆண்டு கட்டினது என்று பாருங்கோ. 2003 முடியும்வரை வீடுகளுக்கு விற்ற, பச்சை ஓடின பலகைகளில் ஆர்செனிக், குரோமியம், செம்பு மூன்றும் ஏற்றியிருப்பார்கள். எங்களுடையது தொண்ணூறுகளில் கட்டினது. எங்களுக்கு அது தெரியாது. என் கணவர் முகமூடி இல்லாமல் அரை நாள் சான்ட் பண்ணினார், பிள்ளைகள் பக்கத்தில் விளையாடினார்கள். வேலைக்கு வந்த தச்சர் ஒருவர் பலகையின் வெட்டு முனையைப் பார்த்துத்தான் சொன்னார். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

அப்படிப்பட்ட பலகையைச் சான்ட் பண்ணவும் கூடாது, காரமோ அமிலமோ போடவும் கூடாது. நச்சு வெளியே வரும். நாங்கள் மேற்பலகை முழுவதையும் கழற்றிப் புதிசு போட்டோம். பழசை நெருப்பில் போடாதீங்கோ, ஆர்செனிக் சாம்பலில் அப்படியே இருக்கும்.

* * *

நன்றி தங்கச்சி. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது இது. எங்கள் டெக் 2011இல் கட்டினது, வீட்டுப் பத்திரங்களில் பெர்மிட் இருக்கிறது. அது கையில் இருந்ததால்தான் துணிந்து இறங்கினேன்.

கைபிடிச் சட்டங்கள் இன்னும் மிச்சம். நிற்கிற சட்டத்தில் ஸ்ட்ரிப்பர் வழிந்துவிடுகிறது, இடுக்குக்குள் சான்டர் போகாது. கார்பைட் சுரண்டியால் ஒரு சட்டத்துக்குப் பத்து நிமிடம் எடுக்கிறது, 64 சட்டம் இருக்கிறது. இதைவிடச் சுலபமாகச் செய்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.