20 லிட்டர் ஓக் பீப்பாயில் ஸ்டவுட்டை எவ்வளவு காலம் முதிர வைக்கலாம்?

கருமால்ட் (கேள்வி):
வணக்கம். முன்பு விஸ்கி வைத்திருந்த 20 லிட்டர் ஓக் பீப்பாய் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. எஃகுக் கலனில் நொதித்துக்கொண்டிருக்கும் ஸ்டவுட்டை (வறுத்த மால்ட்டில் செய்யும் கரிய பீர்) அதில் முதிர வைக்க விரும்புகிறேன். தொடக்கத்தில் ஒப்படர்த்தி (நீரை 1.000 என்று கொண்ட அடர்த்தி; சர்க்கரை நொதிக்க நொதிக்க இது இறங்கும்) 1.092 இருந்தது, இப்போது 1.024 காட்டுகிறது, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழ்களும் அநேகமாக நின்றுவிட்டன. பெரிய ஆலைகள் இத்தகைய பீரை ஓராண்டு வரை பீப்பாயில் வைக்கின்றன என்பதால் நானும் அவ்வாறே செய்யலாமா? இப்போதே மாற்றிவிடலாமா? பீப்பாயைக் கழுவ வேண்டுமா?

மரச்சாறு:
குமிழ் நின்றதை மட்டும் வைத்து நொதித்தல் முடிந்தது என்று கொள்ள முடியாது. வெப்பநிலை சற்றே இறங்கினாலும் குமிழ் நிற்கும், மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் நிற்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டரில் மீண்டும் பாருங்கள். அளவு மாறாமல் இருந்தால், சுமார் 9 சதவீத ஆல்கஹாலுடன் பீர் தயார். ஈஸ்ட் வண்டல் அடியில் படிந்த பிறகு, தெளிந்த பீரை மட்டும் சைஃபன் குழாயால், குழாயின் நுனி பீப்பாயின் அடியைத் தொடும்படி வைத்து, சலசலப்பின்றி இறக்குங்கள்.

ஓராண்டுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆலைகள் பயன்படுத்துபவை பெரும்பாலும் 200 லிட்டர் அளவுள்ள பீப்பாய்கள். கொள்ளளவு பத்தில் ஒன்றாகக் குறையும்போது, ஒவ்வொரு லிட்டர் பீரும் தொடும் மரப்பரப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகிறது. வெனிலா மணம், தேங்காயை நினைவூட்டும் லாக்டோன், துவர்ப்பைத் தரும் டானின் ஆகிய யாவும் அந்த வேகத்திலேயே இறங்கும். பலகையும் மெல்லியது என்பதால் ஆக்சிஜன் கசிவும் அதிகம். எனவே இரண்டாம் வாரத்திலிருந்தே சுவை பாருங்கள். நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு தங்கத் தொடங்கினால், நாள் கணக்கைப் பாராமல் பீரை வெளியே எடுத்துவிடுங்கள். மரச்சுவை போதுமான அளவு ஏறியும் பீர் இன்னும் முரடாக இருந்தால், கண்ணாடிக் கலனில் விளிம்பு வரை நிரப்பி அங்கே முதிர விடலாம். மரச்சுவை ஏறுவதும் பீர் பக்குவப்படுவதும் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல. சிறிய பீப்பாயில் முன்னது எப்போதும் முந்திவிடும்.

அடைப்பான்:
மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன்; ஆனால் சுவை பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் மேலடைப்பைத் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பீரின் மேல் தேங்கியிருக்கும் கரியமில வாயு ஒவ்வொரு திறப்பிலும் கலைந்து, காற்று உள்ளே போகிறது. அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக மாற்றுவதற்குத் தேவைப்படுவது அந்தக் காற்றுதான். நிரப்புவதற்கு முன்பே பீப்பாயின் முகப்புப் பலகையில் (இரு முனைகளையும் மூடும் வட்டப் பலகைகளில் ஒன்றில்) சிறு துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணியால் இறுக அடைத்துவிடுங்கள். ஆணியை உருவினால் பீர் மெல்லிய தாரையாக வரும். ஒரு மிடறு பிடித்துக்கொண்டு மீண்டும் ஆணியை அழுத்திவிடலாம். சாதாரண இரும்பாணி கூடாது: மரத்தின் டானினுடன் இரும்பு சேர்ந்தால் கருங்கறை உண்டாகும், பீரிலும் உலோகச் சுவை ஏறும்.

கருமால்ட்:
இருவருக்கும் மிக்க நன்றி. பீப்பாயின் உள்ளே இன்னும் விஸ்கி மணம் வீசுகிறது. ஆனால் பலகை இடுக்குகள் சற்று உலர்ந்திருக்கின்றன. கந்தகத் திரி எரித்துத் தூய்மைப்படுத்தலாமா?

மரச்சாறு:
வேண்டவே வேண்டாம். சாராய ஆவி நிறைந்த மூடிய பீப்பாய்க்குள் நெருப்பு வைத்தால் அது வெடித்துத் தீப்பற்றக்கூடும். விஸ்கி மணம் உயிர்ப்போடு இருக்கும் வரை கழுவுவதும் வீண்; நீங்கள் விரும்பும் சுவையைத்தான் கழுவிக் கொட்டுவீர்கள். இடுக்குகள் மூட வேண்டும் என்றால் சில லிட்டர் சுடுநீரை ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, முகப்புப் பலகைகளின் மேல் மாறி மாறி நிறுத்தி வையுங்கள். மரம் ஊறிப் பருத்துக் கசிவு நின்றதும் நீரை முழுவதும் வடித்துவிட்டு, அன்றைக்கே பீரை நிரப்புங்கள். ஆவியாகிக் குறையும் அளவை ஈடுசெய்ய, அதே பீரில் இரண்டு லிட்டரைத் தனியே எடுத்து வைத்திருப்பது நல்லது.

அடைப்பான்:
பீரை எடுத்த பிறகு பீப்பாயைக் காய விடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். உடனே அடுத்த பீரை நிரப்ப முடிந்தால் அதுவே சிறந்தது. இரண்டாம் முறை மரம் மெதுவாகவே சுவை விடும், ஆகவே நீண்ட காலம் வைக்கலாம். முடியாவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் (கிருமிகளைத் தடுக்கும் உப்பு) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்த நீரால் விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். கலக்கும்போது எழும் வாயு மூச்சை அடைக்கும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள். பீரின் மேல் சுருக்கம் விழுந்த வெண்படலம் எப்போதாவது தென்பட்டால், பிரெட்டனோமைசஸ் போன்ற காட்டு ஈஸ்ட் குடியேறியிருக்கலாம். அது மரத்தின் உள்ளேயும் புகுந்து தங்கும் என்பதால் அந்தப் பீப்பாயைப் புளிப்பு பீருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அந்த பீரை அவசரப்பட்டுப் புட்டியில் அடைக்கவும் வேண்டாம்: 1.024-இல் எஞ்சியிருக்கும் சர்க்கரையை அது மெல்ல மெல்லத் தின்று, புட்டி வெடிக்கும் அளவுக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும்.