பண்ணை 'வாய்ப்பூட்டுச் சட்டம்': சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

குழுவினருக்கு வணக்கம். சட்டக் கல்லூரி செமினாருக்காக பண்ணைக்குள் அனுமதியின்றிப் படம் பிடிப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்த, அமெரிக்காவின் ஐடஹோ மாநில வழக்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

2012இல் அங்கே ஒரு பால் பண்ணையில் ரகசியமாக எடுத்த வீடியோ வெளியானது. பசுவின் கழுத்தில் சங்கிலி மாட்டி டிராக்டரால் இழுக்கிறார்கள். முழுசாகப் பார்க்க முடியவில்லை. 2014இல் சட்டம் வந்தது, மாட்டைக் காப்பாற்ற அல்ல, கேமராவைத் தடுக்க! அனுமதியின்றிப் படம் பிடித்தால் ஓராண்டு வரை சிறை. 2015இல் கூட்டாட்சி (ஃபெடரல்) மாவட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

என் குழப்பம் 2018 மேல்முறையீட்டுத் தீர்ப்பில்தான். படம் பிடிக்கும் தடை செல்லாது, பொய் சொல்லி உள்ளே நுழைவதும் குற்றமில்லை. ஆனால் பண்ணைக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு பொய் சொல்லி வேலையில் சேர்ந்தால் குற்றம். அப்படியென்றால், கொடுமையை அம்பலப்படுத்த வேலைக்குச் சேர்கிறவருக்கு இருப்பது 'தீங்கு செய்யும் நோக்கம்' ஆகுமா? வீடியோவால் வியாபாரம் படுத்தால்? நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையதுதான், ஆனால் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்?

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பற்றி அறிந்த வக்கீல் அண்ணன்கள், அக்காக்கள் யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும். இதே போன்ற சட்டங்களை எதிர்த்த யூட்டா, அயோவா மாநில வழக்குகளிலும் இதே கேள்வி எழுந்ததா? தலைப்பில் உள்ள 'வாய்ப்பூட்டு', இத்தகைய சட்டங்களை ஆங்கிலத்தில் 'ag-gag' என்பதற்கு நானாக வைத்த பெயர். வேறு நல்ல சொல் இருந்தாலும் சொல்லுங்கள். வியாழக்கிழமை செமினார்.