அந்த "சரி."க்கு என்ன அர்த்தம்?

கேள்வி (திருவையாறு):
2020 மார்ச் ஊரடங்கில் ஊருக்கு வந்தவன், அன்று முதல் மாடி அறையிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் குழுத் தலைவி எதற்கும் "சரி." என்று முற்றுப்புள்ளி வைத்துத்தான் பதில் அனுப்புவார். அந்தப் புள்ளியைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். போன மாதம் சென்னையில் முதன்முறையாக நேரில் சந்தித்தேன். நான் கொண்டுபோன அசோகா அல்வாவை விரலால் வழித்துச் சாப்பிட்டபடி, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார்! இதில் எது உண்மையான ஆள்?

பதில் (மன்னார்குடி):
இரண்டும் அவர்தான், தம்பி. தொனியை நாமாகத்தான் சேர்த்துப் படிக்கிறோம். 2005-இல் க்ரூகர், எப்லி என்ற உளவியலாளர்களின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பது 78 சதவீதம் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

பதில் (கும்பகோணம்):
எங்கள் அலுவலகத்தில் நேர்மாறு. எழுத்தில் பூவும் சிரிப்புமாகப் பொழிகிறவர், கூட்டத்தில் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டார். எனக்கு அந்த முற்றுப்புள்ளிக்காரரே போதும்.

கேட்டவர்:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் ஒருநாளும் கேமராவைப் போட்டதில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் சிரிப்பீர்களா?"