மறு: தண்ணீர் காயும்போது பிறக்கும் மின்சாரத்துக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

தண்ணீர் காயும்போது பிறக்கும் மின்சாரத்துக்கு, ஆங்கிலத்தில் ஹைட்ரோவோல்ட்டாயிக் என்கிறதற்கு, நல்ல தமிழ்ச் சொல் எது என்று எங்கள் குழுவில் நடக்கும் பேச்சை நான்கு நாளாக வாய் திறக்காமல் வாசித்துக்கொண்டிருந்தேன். நீர்மின், ஆவிமின், உலர்மின் என்று சொற்கள் வந்து விழுந்தபடி இருக்கின்றன. ஒன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடம் வேறொரு சொல் உண்டு. அதற்கு முதல் யாழ்ப்பாணத்து எங்கள் வீட்டுக் குசினிச் (சமையலறைச்) சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பப்பா காலத்துக் கல்வீடு இது, சுண்ணாம்புச் சாந்து. மாரி முடிந்து தை, மாசியில் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி நிற்கும். ஈரத்தின் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தட்டினால் பூச்சு பொலுபொலுவென்று கொட்டும். போன கிழமை வந்த மேசன் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கீழையிருந்து சுவறி ஏறுது. மேலை காஞ்சு உப்பு நிக்குது. மேலாலை பூசிப் பிரயோசனமில்லை" என்றார்.

நாங்கள் பெயர் தேடும் கருவியும் இதைத்தான் செய்கிறது. 2017இல் சீனாவின் குவோ வான்லின், சோ ஜுன் ஆகியோரின் குழு ‘நேச்சர் நனோடெக்னாலஜி’ இதழில் எழுதியது இதுதான்: கரித்தூளால் ஆன நுண்டுளைப் படலம் ஒன்றின் அடியைத் தண்ணீரில் வைத்தால், தண்ணீர் துளைகள் வழியே மேலே ஏறும், மேலே போனது காயும், காய்ந்த இடத்துக்குக் கீழிருந்து மறுபடி தண்ணீர் வரும். துளையின் உட்பக்கம் மறையேற்றம் கொண்டது (தமிழ்நாட்டு நண்பர்கள் எதிர்மின்சுமை என்பீர்கள்). ஆகவே தண்ணீரிலுள்ள நேரேற்ற அயன்கள் (நேர்மின் அயனிகள்) அதை ஒட்டிக் கூடுகின்றன. ஏறும் தண்ணீர் அவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடிக்கும் நுனிக்கும் இடையில் ஒரு மின்னழுத்த வித்தியாசம் உண்டாகிறது. சில சதமமீற்றர் அளவான படலம் 1 வோல்ற்று வரை கொடுத்தது. மின்னோட்டம் நனோஅம்பியர் கணக்கில்தான், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று யாரும் கனவு காணவேண்டாம். படலத்தை மூடி வைத்தால் வோல்ற்று விழும், காற்று வீசினால் ஏறும்.

நுண்ணிய வழியால் திரவத்தைத் தள்ளினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது புதிதல்ல. ஜெர்மானியரான குவிங்கே அதை 1859இலேயே கண்டுவிட்டார். அவர் தண்ணீரை அமுக்கித் தள்ளவேண்டி இருந்தது. இங்கே தள்ளுவதற்கு ஆளில்லை, காய்தல்தான் இழுக்கிறது.

இனி, வந்த சொற்கள்.

நீர்மின்: அது லக்சபான, விக்டோரியா என்ற இலங்கை அணைக்கட்டு மின்நிலையங்களுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஒழுங்கான ஆறு என்று ஒன்றில்லாத யாழ்ப்பாணத்தானுக்குக்கூட நீர்மின் என்றால் மலைநாட்டு அணைக்கட்டுத்தான் கண்ணில் வரும்.

ஆவிமின்: வகுப்பில் இதைச் சொன்னால் அடுத்த நிமிடம் பின்வாங்கிலிருந்து பேய்ச் சத்தம் வரும், நான் உத்தரவாதம். அதை விட்டாலும், ஆவியால் சுழலி சுற்றி மின்சாரம் எடுப்பது நுரைச்சோலை அனல்மின் நிலையம். அந்தப் பெயருக்கு உரித்து அதற்குத்தான் கூட. எங்கள் கருவியில் ஆவி ஒரு வேலையும் செய்வதில்லை, புறப்பட்டுப் போகிறது, அவ்வளவுதான். மின்சாரம் பிறப்பது திரவமாக ஏறிவரும் வழியில்.

உலர்மின்: கேட்க அழகு. ஆனால் உலர்கலம் என்று ரோச் பற்றரியை நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். மற்றது, படலம் முழுதாக உலர்ந்தால் மின்சாரம் நின்றுவிடும். செத்த பிறகு வைக்கவேண்டிய பெயரை உயிரோடு இருக்கும்போது வைப்பானேன்?

நீர்மின்னழுத்தம் என்ற சென்னை அண்ணாவின் சொல் தமிழ்நாட்டில் பொருந்தலாம். ஒளிமின்னழுத்தம் என்று ஏற்கெனவே எழுதுகிறீர்கள். ஆனால் உங்களுக்கு அழுத்தம் என்பது நாங்கள் அமுக்கம் என்கிறது. குழாய்த் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று கேட்கிற ஊரில் இது நீரழுத்தத்தோடு போய் ஒட்டிக்கொள்ளாதா?

வற்றுமின் என்று நானே ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, எங்கள் புவியியல் புத்தகத்தில் வற்றுப்பெருக்கு என்றால் கடல் ஏறி இறங்குவது. வற்றுமின் என்றால் கடற்றொழில் செய்பவர் வேறொன்றைத்தான் நினைப்பார். கசிமின்னும் அப்படியே, ‘மின்கசிவால் தீ’ என்று பத்திரிகைக்காரர் அதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

"நேரே ஹைட்ரோவோல்ட்டாயிக் என்று எழுதினால் என்ன?" என்று ரொறன்ரோத் தங்கச்சி கேட்டிருந்தார். எழுதலாம் தங்கச்சி, குற்றமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து வைத்தியம் படிப்பித்த அமெரிக்க வைத்தியர் கிறீன் உடற்கூற்றுக்கு எத்தனையோ தமிழ்ச் சொற்களைத் தேடிப் பிடித்தவர், 1875இல் வந்த வேதியியல் நூலுக்கு மட்டும் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். அது நிற்கவில்லை. இங்கே இரசாயனவியல் என்றானது, அக்கரையில் வேதியியல். ஆனால் என் மறுப்பு அதுவல்ல. அந்த ஆங்கிலச் சொல்லே 2018இல் குவோ வான்லின் குழுவினர், ஒளிக்கு இருந்த ஃபோட்டோவோல்ட்டாயிக்கைப் பார்த்து நீருக்கு ஒட்டுப்போட்டது. அதில் மின்கலம் கண்ட வோல்ட்டா எங்கிருந்து வந்தார்? 1800இல் அவர் அடுக்கியது இரண்டு வகை உலோகத் தட்டுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும். இங்கே அந்த வேலையே இல்லை. அவர்கள் ஒட்டிய துண்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் தமிழ் தேடுவதைவிட, பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன?

பொருளைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் இருந்தோம். முதலில் மெழுகுதிரிப் புகையில் கண்ணாடித் துண்டைப் பிடித்துக் கரி படிய விட்டோம். தண்ணீரில் வைத்தால் தண்ணீர் ஏறவே இல்லை, சேம்பிலையில் போல உருண்டு ஓடியது. புதுப் புகைக்கரி தண்ணீரை ஒட்டவிடாது, அதைப் பதப்படுத்தவேண்டும். சரி, வடிதாளில் கறுப்பு இந்தியன் இங்க் பூசிக் காயவைத்து, இரண்டு முனையிலும் செப்புக் கம்பி சுற்றினோம். மல்ற்றிமீற்றர் உடனே 0.3 வோல்ற்று காட்டியது. மகள் குதித்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, போத்தல் கவிழ்த்து மூடியும் இலக்கம் அசையவில்லை. அது செம்பு அரிக்கிற வோல்ற்று. கம்பியை எடுத்துவிட்டுப் பென்சில் கரியை இரண்டு பக்கமும் வைத்தோம். இப்போது 0.1ஐ ஒட்டி. மூடினோம், மெல்ல இறங்கியது. மூடியை எடுத்து மின்விசிறியைத் திருப்பினோம், மறுபடி ஏறியது. அதுதான் சரியான சாமான்.

இது பீலியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில். கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றியதும் இலக்கம் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிறது, கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டாத வீடு இங்கே இல்லை. தண்ணீரில் அயன் கூடக் கூட, துளைச் சுவரை ஒட்டி நிற்கும் ஏற்ற அடுக்கு மெலிந்துபோகும். கடல்நீரில் அது ஒரு நனோமீற்றர்கூட இராது. ஆகவே ஆனையிறவு உப்பளத்தில் இதை விரித்து வைக்கலாமே என்று கேட்டவருக்கு என் மறுமொழி: இந்தப் படலத்தை வைத்தல்ல.

அந்தத் தாளில் கறுப்பு ஈரம் கோடு கோடாக ஏறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மேசன் சொன்னது மறுபடி காதில் கேட்டது. சுவறுதல்.

அகராதியை எடுத்துப் பார்த்தேன். சுவறுதலுக்கு இரண்டு பொருள் போட்டிருக்கிறது: ஒன்று ஊறி உள்ளே போதல், மற்றது வற்றுதல். யாழ்ப்பாணத்தில் முதலாவதைத் தினமும் சொல்கிறோம். பாத்திக்கு விட்ட தண்ணீர் சுவறிவிட்டது, புட்டுக்கு விட்ட பால் சுவறிவிட்டது. இரண்டாவதைத் திருப்புகழ் ஓதுகிறவர்கள் அறிவார்கள், வேல் பட்டுக் கடல் சுவறும். உள்ளே ஊறி ஏறுவது, மேலே வற்றுவது: கருவியின் இரண்டு வேலையும் ஒரே வினைச்சொல்லுக்குள். இப்படி ஒன்று தேடாமல் கிடைப்பது அபூர்வம்.

ஆகவே நான் முன்வைப்பது சுவறல் மின்.

ஏன் சுவறுமின் அல்ல என்று கேட்பீர்கள். காண்மின், கேண்மின் என்ற பழைய ஏவல் பன்மை இருக்கிறதே, சுவறுமின் என்றால் ‘எல்லோரும் சுவறுங்கள்’ என்றாகும். உலர்மின்னுக்கும் இதே வில்லங்கம் உண்டு, யாரும் கவனிக்கவில்லை. இன்னும் கேளுங்கள்: சுவறல்மின் என்று சேர்த்து எழுதி, அதைப் புணர்ச்சி விதிப்படி சுவறன்மின் ஆக்கினால், அஞ்சன்மின் என்பது போல ‘சுவறாதீர்கள்’ என்று பொருள் வந்துவிடும். எங்கள் தமிழ் ஆசிரியரிடம் காட்டினேன், சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினார். எனவே இடைவெளி விட்டுச் சுவறல் மின் என்றே எழுதுவோம். படலத்துக்குச் சுவறல் மின்படலம். கருவியை (ஜெனரேற்றரை) தமிழ்நாட்டில் மின்னாக்கி, இங்கே மின்பிறப்பாக்கி என்பது அவரவர் வசதி.

ஒரு குறை எனக்கும் தெரிகிறது. தமிழ்நாட்டில் ‘சுவற்றில் எழுதாதே’ என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரில் என்பதுதான் சரி என்று எத்தனை பேர் திருத்தினாலும் அது போகாது. அந்தப் பழக்கம் இருக்கும்வரை சுவறல் மின் என்றதும் சுவரில் இருக்கும் பிளக்கை நினைக்கிற ஆட்கள் இருப்பார்கள். முதல் தடவை எழுதும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். எங்கள் குழுவின் கோயம்புத்தூர் ஐயா என்ன சொல்வாரோ.

இன்னொன்று, இந்தச் சொல் எல்லாவற்றையும் தாங்காது. தண்ணீர்த் துளியும் அலையும் கொடுக்கும் மின்சாரத்தையும் ஆங்கிலத்தில் அதே ஒரு குடைக்குள் வைக்கிறார்கள். அதற்குப் பொதுச்சொல் தனியே வேண்டும், இன்றைக்கு அதைத் தொடவேண்டாம். காற்றின் ஈரப்பதனிலிருந்தே மின்சாரம் எடுப்பதும் வேறு. 2020இல் மசாசுசெட்ஸ் ஆம்கெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜியோபாக்டர் பக்டீரியாவின் புரத நனோக் கம்பிகளால் 7 மைக்ரோமீற்றர் தடிப்பான படலம் செய்து, அரை வோல்ற்று அளவு எடுத்தார்கள். அங்கே ஏறி வற்றும் தண்ணீர் இல்லை. அதற்கு ஈரமின் என்று வந்த சொல் நன்றாகவே பொருந்துகிறது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.

பி.கு.: மேசன் வெள்ளிக்கிழமை பூச்சு உரிக்க வருகிறார். அதற்கு முதல் குசினிச் சுவரின் ஈரக்கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு பென்சில் கரி குத்தி மீற்றர் வைத்துப் பார்க்கப் போகிறேன். அவ்வளவு உப்பேறின சுவர், ஒன்றும் காட்டாது என்றுதான் மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பத்து ரூபா பந்தயம் கட்டியிருக்கிறாள்.